கழட்டிப் பூட்டிய பூட்டு

எங்கட தமிழில் ஒரு வசதி இருக்கிறது. கதவைச் சாத்தித் திறப்பைத் திருப்பினாலும் பூட்டுறதுதான், சைக்கிளைத் துண்டுதுண்டாகப் பிரித்துத் துடைத்துவிட்டுத் திரும்பப் பொருத்தினாலும் பூட்டுறதுதான். போன விடுமுறையில் நான் ஒரு பூட்டைக் கழட்டிப் பூட்டினேன். இந்த வசனத்தை எழுதச் சிரிப்பு வருகிறது. செய்துகொண்டிருந்த அந்த மூன்று மணித்தியாலமும் வரவில்லை.

பூட்டு அம்மம்மாவுடையது. முன் கேற்றில் தொங்கும் பித்தளை ஆமைப்பூட்டு. (தமிழ்நாட்டில் இதைத் தொங்குபூட்டு என்பார்கள். எங்களுக்கு ஏன் ஆமை வந்தது? ஓட்டுக்குள் கழுத்தை இழுத்துக்கொள்ளும் பிராணியைப் போல இருப்பதால்தான் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.) 1995 ஒக்டோபரில் வலிகாமத்துச் சனமெல்லாம் வெளிக்கிட்டபோது அம்மம்மாவும் இந்தப் பூட்டைப் போட்டு, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிஞ்சுகொண்டு தென்மராட்சிக்கு நடந்திருக்கிறா. அடுத்த வருசம் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு, யன்னல் ஒன்றுமில்லை. கேற்றும் பூட்டும் மட்டும் அப்படியே இருந்திருக்கின்றன. பக்கத்து மதில் இடிந்து கிடந்ததாம், அதால் போயிருக்கலாம். அம்மம்மா திறப்பைப் போட்டுத் திறந்துதான் உள்ளே போனாவாம். இந்தக் கதையை எங்கட வீட்டில் ஒரு பகிடியாகத்தான் சொல்லுவார்கள்.

அதுக்குப் பிறகு வருசாவருசம் தேங்காய் எண்ணெய் விட்டு விட்டு, உள்ளே பிசின் பிடித்துத் திறப்பு பாதியில் நிற்கத் தொடங்கிவிட்டது. "கழட்டிக் கழுவித் தாறன்" என்றேன். "கழட்டினா நீதான் பூட்டித் தரோணும்" என்றா.

கழட்டுவது சுகம். பூட்டைத் திறந்து வளையத்தைத் தூக்கினால், அதன் குட்டைக் கால் இறங்கும் துளைக்குள் ஒரு சின்னத் திருகாணி தெரியும். அதைக் கழட்டினால் அடிப்பக்கமாக ஒரு பித்தளைக் கூடு வழுகி வரும். பின்னாலேயே ஒரு சுழல்துண்டும் இரண்டு உருக்குக் குண்டும் விழும். வளையத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் குண்டுகள்தான். கூட்டுக்குள் ஓர் உருளை. திறப்பு போகிற உருளை அது. அதை நான் சும்மா இழுத்தேன். "டிக், டிக்" என்று ஏதோ தெறித்தது. பேப்பரில் பார்த்தால் அரிசிமணி அளவில் பித்தளைத் துண்டுகளும் தலைமயிர் தடிப்பில் ஸ்பிரிங்குகளும்.

இந்தத் துண்டுகளை ஆங்கிலத்தில் பின் என்பார்கள். தமிழில் 'பின்' என்று எழுதினால் முன்பின் குழப்பம் வரும் என்பதால் முளை என்று எழுதுகிறேன். உருளையின் முதுகில் வரிசையாக ஐந்து துளை. அதுக்கு நேரே கூட்டிலும் ஐந்து துளை. ஒவ்வொரு சோடித் துளையிலும் கீழே ஒரு முளை, அதன்மேல் இன்னொரு முளை, அதையும் அழுத்திக்கொண்டு ஒரு ஸ்பிரிங். திறப்பு இல்லாதபோது மேல்முளை பாதி கூட்டிலும் பாதி உருளையிலும் நிற்கும், அதனால் உருளை சுழலாது. சரியான திறப்பைப் போட்டால் அதன் மேடுபள்ளங்கள் ஒவ்வொரு கீழ்முளையையும் உருளையின் விளிம்புக்குச் சரியாகத் தூக்கும். மேல்முளை முழுதாகக் கூட்டுக்குள் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு கிடைக்கும், உருளை சுழலும். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சுழலாது. அவ்வளவுதான் பூட்டு. நாங்கள் நம்பியிருக்கும் அந்தப் பாரமான பித்தளை உடம்பு வெறும் பெட்டி.

இதை யார் கண்டுபிடித்தார்கள் என்று இணையத்தில் தேடினால், எகிப்தியர்கள் 4000 வருடத்துக்கு முன்னரே கண்டுபிடித்தார்கள், பிறகு அமெரிக்காவில் யேல் அதை மீட்டெடுத்தார் என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். வரலாற்றை ஒரு பாடமாகப் படிக்கிற எனக்கு இந்த மாதிரி நேர்கோட்டைக் கண்டால் கை பரபரக்கும். அதிகம் பேசப்படும் பழைய சான்று எகிப்தில்கூட இல்லை, இன்றைய ஈராக்கில். கி.மு. 8 ஆம் நூற்றாண்டில் அசீரிய அரசன் இரண்டாம் சார்கோன் கட்டிய அரண்மனையை, கொர்சாபாத் என்ற ஊரில், 1843 இல் போல்-எமில் போத்தா தோண்டத் தொடங்கினார். அந்த வாசல்களைப் பற்றி எழுதிய ஜோசப் பொனோமி, அங்கே பெரிய மரப்பூட்டு இருந்ததாகச் சொல்கிறார். அதன் திறப்பைத் தோளில் வைத்துத் தூக்க வேண்டியிருந்திருக்கும். ஏசாயாவின் புத்தகத்தில் தாவீது வீட்டுத் திறப்பு தோளின்மேல் வைக்கப்படும் என்று வருகிற இடமும் அதே நூற்றாண்டைப் பற்றியதுதான். சின்ன வயதில் அதைக் கேட்டபோது, திறப்பை ஏன் தோளில் வைப்பான், பொக்கற் இல்லையா என்று யோசித்திருக்கிறேன்.

எகிப்துக்கும் சான்று உண்டு. ஆனால் நான் நம்பிச் சொல்லக்கூடியது மிகப் பிந்தியது. கெய்ரோவில் வாழ்ந்த எட்வேர்ட் லேன் 1836 இல் வெளியிட்ட நூலில், அன்றைய வீட்டுக் கதவுகளின் மரப்பூட்டை விளக்குகிறார். கதவுத் தாழில் துளைகள், மேலேயிருந்து அவற்றுக்குள் விழும் சின்ன இரும்பு முளைகள். திறப்பு என்பது முளைகள் நட்ட ஒரு மரத்துண்டு. அதைத் தாழுக்குள் விட்டு மேலே தூக்கினால் உள்முளைகள் எழும்பும், தாழை இழுக்கலாம். அதாவது, ஐரோப்பியர்கள் 'பண்டைய எகிப்துப் பூட்டு' என்று எழுதிக்கொண்டிருந்த காலத்தில் எகிப்தியர்கள் அதே வகையைத் தினமும் பூட்டித் திறந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது பண்டையதும் இல்லை, தொலைந்ததும் இல்லை. பிறகு எப்படி மீட்டெடுப்பது?

ஐரோப்பிய உலோகப் பூட்டு நெடுங்காலம் வேறு வழியில் போனது. திறப்பு திரும்பும் பாதையில் உள்ளே தகட்டுத் தடைகளை வைத்தார்கள். அந்தத் தடைகளைத் தாண்டுகிற மாதிரித் திறப்பில் வெட்டுகள் இருக்கும். பார்க்கக் கோயில் கோபுரம் மாதிரி அலங்காரமான திறப்புகள். ஆனால் தடைகளைச் சுற்றிப் போகிற மெலிந்த கம்பி ஒன்று கிடைத்தால் கதை முடிந்தது. 1778 இல் இங்கிலாந்தில் றொபேர்ட் பரன் என்பவர், சரியான உயரத்துக்குத் தூக்கினால் மட்டும் விடுகிற நெம்புகளை வைத்தார். குறையவும் கூடாது, கூடவும் கூடாது. 'இவ்வளவு, இதுக்கு மேல் இல்லை' என்ற கணக்கு அந்தப் பூட்டோடு வருகிறது. 1784 இல் ஜோசப் பிராமா இன்னொரு வழியில் குழாய்த் திறப்புப் பூட்டுக்குக் காப்புரிமை எடுத்தார். அதில் ஒன்றை லண்டன் பிக்கடில்லியிலுள்ள தன் கடைக் கண்ணாடியில் தொங்கவிட்டு, திறக்கிறவருக்கு 200 கினி என்று எழுதி வைத்தார். அறுபது வருடம் போல அது அங்கேயே தொங்கியது. 1818 இல் ஜெரமையா சப்பின் பூட்டு வந்தது. யாராவது கள்ளமாகத் திறக்கப் பார்த்து ஒரு நெம்பைக் கூடத் தூக்கிவிட்டால் பூட்டு சிக்கிக்கொள்ளும். சொந்தக்காரர் வந்து திறப்பைப் போடும்போது 'ஆரோ கை வைச்சிருக்கிறான்' என்று தெரிந்துவிடும்.

பிரித்தானியர்களுக்கு இவற்றின்மேல் இருந்த நம்பிக்கை கிட்டத்தட்டப் பக்தி. அது 1851 இல் உடைந்தது. அந்த வருடம் லண்டனில் பளிங்கு மாளிகையில் உலகக் கண்காட்சி. ஆல்பிரட் சார்ள்ஸ் ஹொப்ஸ் என்ற அமெரிக்கர் தன் கம்பனியின் பூட்டை விற்க அங்கே வந்தார். யூலை மாதம் சாட்சிகளுக்கு முன்னால் சப் பூட்டொன்றை ஏறக்குறைய 25 நிமிடத்தில் திறந்து, ஒரு ஏழு நிமிடத்தில் திரும்பப் பூட்டியும் காட்டினார். எனக்குப் பிடித்த இடம் இதுதான்: எந்த நெம்பைக் கூடத் தூக்கிவிட்டோம் என்பதை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்த எச்சரிக்கைப் பொறிதான். கள்ளனைப் பிடிக்க வைத்த காவல்காரனே வழி சொல்லியிருக்கிறான். பிறகு பிராமா கடைக்குப் போனார். 16 நாட்களில் மொத்தம் 51 மணித்தியாலம் இருந்து அதையும் திறந்து 200 கினியை வாங்கிக்கொண்டார்.

பத்திரிகைகளில் பெரிய சண்டை. பூட்டின் பலவீனத்தை இப்படிப் பகிரங்கமாகக் காட்டலாமா, கள்ளருக்குப் படிப்பிக்கிற வேலை இல்லையா என்று கேட்டார்கள். 1853 இல் ஹொப்ஸின் பெயரில் வந்த பூட்டு நூலில் அதுக்குப் பதில் இருக்கிறது. கள்ளருக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும், தெரியாமல் இருப்பது பூட்டை வாங்குகிற நேர்மையான ஆட்களுக்குத்தான் என்பது அந்த வாதத்தின் சாரம். கணினிப் பாதுகாப்பு படிக்கிற நண்பர்கள் இன்றும் இதே சண்டையைப் பிடிக்கிறார்கள்.

இனி யேல். (மதராஸ் கோட்டையில் ஆளுநராக இருந்த எலிகு யேல் இல்லை, பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தது அந்த ஆள். இது லைனஸ் யேல்.) அப்பா, மகன் இரண்டு பேருக்கும் ஒரே பெயர். நியூயோர்க் மாநிலத்தில் வங்கிப் பூட்டுச் செய்துகொண்டிருந்த அப்பா, 1840களில் முளைகள் வைத்த பூட்டுகளைச் செய்தார். 1821 இல் பிறந்த மகன் முதலில் உருவப்படம் வரைகிற ஓவியர். பிறகு குடும்பத் தொழிலுக்கு வந்தார். ஹொப்ஸ் லண்டனில் பெருமையாகக் காட்டிய அந்த அமெரிக்கப் பூட்டையும் பிறகு இவர் திறந்துவிட்டார் என்பது உபகதை. 1861 இலும் 1865 இலும் மகன் எடுத்த காப்புரிமைகளில்தான் இன்று என் கையில் இருக்கிற பொருள் உருவாகிறது: ஒரு சின்ன உருளை, வரிசையான முளைச் சோடிகள், ஓரத்தில் மேடுபள்ளம் வெட்டிய தட்டைத் திறப்பு.

இது பிராமா பூட்டைவிடத் திறக்கக் கடினமானதா? இல்லை. 51 மணித்தியாலம் ஹொப்ஸைத் தண்ணி காட்டிய பூட்டு எங்கே, பழகின கை சில நிமிடத்தில் திறக்கிற எங்கட கேற்றுப் பூட்டு எங்கே! அப்படியானால் உலகத்துக் கதவெல்லாம் ஏன் யேலின் வழிக்குப் போயின? பூட்டின் வரலாற்றைக் கள்ளனுக்கும் கொல்லனுக்கும் நடந்த போட்டியாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. என் பதில், மேசையில் பரவிக் கிடந்த துண்டுகளைப் பார்த்ததில் வந்தது. இது கழட்டிப் பூட்டக்கூடியது, அதனால் வென்றது.

முதலில், யேல் திறப்பு போகிற பகுதியைத் தாழிலிருந்து பிரித்துவிட்டார். பழைய பூட்டில் கதவு எவ்வளவு தடிப்போ திறப்பும் அவ்வளவு நீளம், மடியில் கட்டினால் இரும்புத் துண்டு கட்டின மாதிரி. உருளையைக் கதவின் வெளிப்பக்கம் வைத்து, பின்னால் ஒரு துண்டு மட்டும் போய்த் தாழைத் தள்ளினால் போதும் என்றானபின் திறப்பு சின்னதாகிவிட்டது. சேலைத் தலைப்பில் முடியக்கூடிய அளவுக்குச் சின்னது.

அடுத்தது இன்னும் முக்கியம். ஆயிரம் பூட்டுக்கும் ஒரே கூடு, ஒரே உருளை, ஒரே ஸ்பிரிங். வித்தியாசம் எந்த உயர முளை எந்தத் துளையில் விழுகிறது என்பதில் மட்டும். ஒவ்வொரு துளைக்கும் ஆறு உயரம் என்று வைத்தால் ஐந்து துளைக்கு 7776 விதம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கொல்லன் தனித்தனியாக மூளையைக் கசக்கத் தேவையில்லை, மெசினில் வெட்டி, பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டால் சரி. துப்பாக்கி, மணிக்கூடு, தையல் மெசின் எல்லாம் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் மாற்றிப் பொருத்தக்கூடிய துண்டுகளாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. பூட்டும் அதில் ஏறிக்கொண்டது. மகன் யேல் அதைப் பார்க்க இருக்கவில்லை. 1868 இல் ஹென்றி டவுன் என்ற இளம் பொறியியலாளரோடு கூட்டுச் சேர்ந்து, கனெற்றிக்கட் மாநிலத்து ஸ்டாம்போர்டில் தொழிற்சாலை தொடங்கிய சில மாதத்தில், நத்தார் தினத்தன்று இறந்துபோனார். வயது 47. கம்பனியைப் பெருப்பித்தது டவுன். தொழிற்சாலை நிர்வாகத்தைப் பொறியியலாளரின் வேலையாகப் பார்க்க வேண்டும் என்று 1886 இல் வாதாடிய ஆளும் அவர்தான். முகாமைத்துவம் படிக்கிற தோழர்கள் அவரைப் பாடத்தில் சந்தித்திருப்பீர்கள்.

ஆமைப்பூட்டு வடிவத்துக்கு வந்த பெரிய மாற்றம் அதுக்குப் பிறகு ஒன்றுதான். 1920களில் அமெரிக்காவின் மில்வோக்கியில் ஹரி சோரெவ், உருக்குத் தகடுகளை அடுக்கி அடித்து உடம்பைச் செய்தார். எங்கட ஹார்ட்வெயார் கடைகளிலும் அப்படி அடுக்குத் தகட்டுப் பூட்டுகள் தொங்குகின்றன. பெட்டி மாறியது, உள்ளே அதே முளைகள்.

சரி, மேசைக்கு வருவம். கழுவிக் காயவைத்த பிறகு என் முன்னால் ஐந்து கீழ்முளை, ஐந்து மேல்முளை. மேல்முளைகள் எல்லாம் ஒரே அளவு, பிரச்சினை இல்லை. கீழ்முளைகள் ஐந்தும் ஐந்து அளவு. எது எங்கே இருந்தது? படம் எடுத்து வைக்கவில்லை. ஐந்தை வரிசைப்படுத்த 120 வழி. முதல் முறை மனதில் பட்டபடி போட்டுப் பார்த்தேன். உருளை கூட்டுக்குள்ளேயே போகவில்லை, இரண்டு முளை தலையை நீட்டிக்கொண்டு நின்றன. அப்போதுதான் விளங்கியது. வரிசை எழுதி வைத்த கடதாசி என்னிடமே இருக்கிறது, திறப்புத்தான் அது. திறப்பை உருளைக்குள் விட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு துளையிலும் ஒவ்வொரு முளையாக இறக்கிப் பார்க்க வேண்டும். உருளையின் முதுகோடு வழுவழுப்பாக எது சமமாகிறதோ அதுதான் அந்தத் துளைக்குரியது. விரல் நுனியால் தடவினால் கண்ணைவிட நன்றாகத் தெரியும்.

கூட்டை நிரப்புவதுதான் சீவன் போகிற வேலை. உருளையின் அதே தடிப்பில் ஒரு தடி வேண்டும். நான் பழைய பேனைக் குழாயில் பேப்பர் சுற்றி அளவாக்கினேன். கூட்டைத் துளைகள் கீழே பார்க்கப் பிடித்து, சாவணத்தால் ஒரு ஸ்பிரிங், அதன்மேல் ஒரு மேல்முளை. அதை அமத்திக்கொண்டு பேனையை முன்னால் தள்ளி மூட வேண்டும். பிறகு அடுத்த துளை. கை நடுங்கினால் எல்லாம் பறக்கும், பறந்தது, ஒன்றல்ல மூன்று தரம். எல்லாம் உள்ளே போனபிறகு கூட்டை நிமிர்த்தி, திறப்போடு இருக்கிற உருளையைக் கொஞ்சம் சரித்து முன்பக்கத்தால் விட வேண்டும். உருளை உள்ளே போகப் போகப் பேனை பின்பக்கத்தால் வெளியே வரும், இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விடக்கூடாது. சரிக்காமல் நேராகத் தள்ளினால் துளை விளிம்பில் முளை சிக்கும். முழுதாகப் போனதும் நிமிர்த்தித் திருப்பிப் பார்த்து, பின்னால் கிளிப்பைப் போட்டு, குண்டுகளைச் சொட்டுக் கிறீஸில் ஒட்டவைத்து, திருகாணியை இறுக்கினால் பூட்டு. முளைகளுக்கு எண்ணெய் வேண்டாம், பென்சில் கரித்தூள் போதும். தேங்காய் எண்ணெய் ஆகவே ஆகாது, அம்மம்மாவுக்கும் சொல்லியாச்சு.

இதைச் செய்யும்போது எனக்கு ஒரு விசயம் உறுத்தத் தொடங்கியது. என்னிடம் வேறு ஒரு திறப்பு இருந்து, அதுக்கேற்ற முளைகளும் இருந்திருந்தால், அதே பத்து நிமிட வேலையில் இந்தப் பூட்டை அந்தத் திறப்புக்குப் பழக்கியிருக்கலாம். அம்மம்மாவின் திறப்பை அதுக்குப் பிறகு பூட்டு அடையாளம் கண்டிருக்காது. வெளியே ஒரு கீறல்கூட இருந்திருக்காது. பூட்டுக்குத் தன் சொந்தக்காரரைத் தெரியாது, கடைசியாகப் பூட்டினவரை மட்டும் தெரியும்.

1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 இல் அதே ஒக்டோபர் 30 இல்தான் அம்மம்மா ஆட்கள் வீதிக்கு இறங்கினார்கள். அம்மம்மாவின் திறப்புக் கதையை நான் நூறு தரம் கேட்டிருக்கிறேன். அந்த முஸ்லிம் குடும்பங்களிடமும் திறப்புகள் இருந்திருக்கும் என்பது கம்பஸுக்கு வந்து, புத்தளத்தில் வளர்ந்த ஒரு நண்பியோடு கதைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கட வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை, பள்ளிக்கூடத்திலும் கேட்டதில்லை. எங்கள் கேற்றுக்கு அம்மம்மா திரும்பி வந்தபோது பழைய திறப்பு வேலை செய்தது. அதை இவ்வளவு காலம் பூட்டின் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன். இடையில் யாரும் அதைக் கழட்டிப் பூட்டவில்லை, அவ்வளவுதான்.

பூட்டு இப்போது கேற்றில் திரும்பத் தொங்குகிறது. அம்மம்மா நாலு தரம் பூட்டித் திறந்து பார்த்துவிட்டு "முந்தியைவிட லேசாக் கிடக்கு" என்றா. லேசாகத்தான் இருக்கும். முதலில் தெறித்த ஸ்பிரிங்குகளில் ஒன்று எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. ஸ்பிரிங் இல்லாமல் முளையைப் போட்டால் சிக்கும் என்பதால் கடைசித் துளையை வெறுமையாகவே விட்டு மூடினேன். 7776 இப்போது 1296. மிஞ்சின இரண்டு முளையும் என் மேசை லாச்சிக்குள் ஒரு நெருப்புப்பெட்டியில் கிடக்கின்றன. அம்மம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.